வெயிலில் உருகாத ஐஸ்: பிளாஸ்டிக் தளத்தில் முதல்முறை ஸ்கேட்டிங் போகிறவர்களுக்கு

டெக்சாஸ் டிசம்பரை நம்பி எதையும் திட்டமிட முடியாது. ஒரு வாரம் காது விறைக்கும் குளிர். அடுத்த வாரமே அரைக்கைச் சட்டையோடு வெளியே நிற்கலாம். எங்கள் ஊரின் நடுச் சதுக்கத்தில் போட்டிருந்த ஐஸ் ஸ்கேட்டிங் தளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன சனிக்கிழமை அப்படி ஒரு வெயில் நாள். வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவும் உடன் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்த தளத்தைப் பார்த்தவுடன் அவர் கேட்டார்: “இம்புட்டு வெயில் அடிக்கிது, ஐஸு எப்படிடி உருகாமக் கெடக்கு?”

முதல்முறை போகிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் என்ன உடுத்திக்கொண்டு போவது, எப்படிக் கால் வைப்பது, ஏன் அரை மணி நேரத்திலேயே களைத்துப் போகிறோம் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

அது உருகவில்லை, ஏனென்றால் அதில் உருகுவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. முழுக்க முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். ஓரங்களில் புதிர்க் கட்டைகளைப் போலப் பற்களும் பள்ளங்களும் வெட்டியிருப்பார்கள். ஒரு பலகையின் பல்லை அடுத்த பலகையின் பள்ளத்தில் தட்டிப் பொருத்தி, சமதளமான தரையின் மேல் பரப்பிவிட்டால் தளம் தயார். குளிரூட்டும் எந்திரம் வேண்டாம், அடியில் குழாய் வேண்டாம். அதன் மேல் சாதாரண ஐஸ் ஸ்கேட்ஸை, அதாவது எஃகு பிளேடு வைத்த அதே காலணியை, மாட்டிக்கொண்டு சறுக்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அதை இப்போதே தீர்த்துவிடுகிறேன். எந்திரத்தால் தண்ணீரை உறைய வைத்து உண்டாக்கும் ஐஸையும் தமிழில் செயற்கை ஐஸ் என்கிறோம். இந்தப் பலகையையும் செயற்கை ஐஸ் என்கிறோம். முதலாவது உண்மையான பனிக்கட்டி, மனிதன் உறைய வைத்தது. இரண்டாவது பனிக்கட்டியே கிடையாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்கப் பிளாஸ்டிக் ஐஸ் என்றே சொல்லப்போகிறேன். நுழைவுச்சீட்டு வாங்கும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

சரி, என்ன பிளாஸ்டிக்? பாலிஎத்திலீன். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம், சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை, எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். விலை குறைந்த தளங்களில் டிரம்முக்குப் பயன்படும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனையே பலகையாக்குகிறார்கள். தரமான தளங்களில் அதன் அண்ணன் முறையில் இன்னொன்று இருக்கிறது: மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். பெயர் நீளம், ஆனால் பொருள் எளிது. பாலிஎத்திலீன் என்பது எத்திலீன் என்ற சிறு கண்ணியைத் திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி. இந்த வகையில் ஒரு சங்கிலியிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். அவ்வளவு நீளமான இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் பின்னிக் கிடப்பதால், மேலே எதை வைத்துத் தேய்த்தாலும் இழை எளிதில் அறுந்து வெளியே வராது. அதே சமயம் அந்தச் சங்கிலிக்கு மற்றப் பொருள்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம் மிகக் குறைவு. தேயவும் தேயாது, ஒட்டவும் ஒட்டாது. சறுக்குவதற்கு இந்த இரண்டு குணமும் சேர்ந்து வேண்டும்.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் எனக்கே பொறி தட்டியது. அம்மாவுக்கு வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அந்தச் சிகிச்சையில் தொடை எலும்பின் முனைக்கு உலோகக் கவசம் போடுவார்கள். பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். கீழே கணைக்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லை. காலை மடக்கும்போதும் நீட்டும்போதும் உலோகம் அந்த வில்லையின் மேல்தான் வழுக்கிச் செல்கிறது. அந்த வில்லை எது தெரியுமா? இதே மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1962இல் இடுப்பு மூட்டுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்றுவரை மூட்டு மாற்றின் ஆதாரப் பொருள் இதுதான்.

“அம்மா, ஒன் முட்டிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக்கைத்தான் இங்க தரையா விரிச்சிருக்காங்க. எலும்புக்குப் பதிலா இங்க பிளேடு வழுக்குது” என்றேன். அவர் குனிந்து வேலி இடுக்கில் கைவிட்டுப் பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். “மெழுகு மாதிரி இருக்கு” என்றார். மிகச் சரியான வார்த்தை. மெழுகுவத்தியின் பாரஃபின் மெழுகும் பாலிஎத்திலீனும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட சங்கிலிகள். மெழுகில் சங்கிலி குட்டை, இதில் மிக நீளம்.

இப்போது உண்மையான பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் பிடிபடும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப் போல இறுகப் பிணைந்தவை அல்ல. உறைநிலைக்குக் கீழேயும் மேலே திரவம் போன்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிளேடு ஓடும்போது உரசலில் சூடு பிறந்து, இன்னும் கொஞ்சம் உருகுகிறது. உடல் எடையின் அழுத்தத்தால்தான் ஐஸ் உருகிக் கால் வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் மட்டும் போதாது. ஒருவரின் எடை தரும் அழுத்தத்தால் உருகுநிலை கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் ஐஸ் அதைவிட வெகு குளிரிலும் வழுக்கத்தானே செய்கிறது? ஆக, பனிக்கட்டி தனக்கு வேண்டிய மசகு எண்ணெயைத் தானே தண்ணீராகத் தயாரித்துக்கொள்கிறது.

பிளாஸ்டிக்கில் அந்த வித்தை நடக்காது. பிளேடுக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் கிடையாது. இயல்பான வழவழப்பை மட்டும் நம்ப வேண்டும். அதைக் கூட்டுவதற்குச் சில நிறுவனங்கள் பலகை வார்க்கும்போதே மசகுப் பொருளைக் கலந்துவிடுகின்றன. சில தளங்களில் கிளிசரின் அல்லது சிலிக்கோன் திரவத்தை மேலே தெளிக்கிறார்கள். அப்படியும் உண்மையான ஐஸின் வழுக்கலை எட்ட முடியாது.

எவ்வளவு வித்தியாசம்? உரசல் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை உராய்வுக் கெழு என்பார்கள். நல்ல ஐஸில் ஸ்கேட்டுக்கு அது 0.005 அளவில் இருக்கும். எஃகும் இந்தப் பிளாஸ்டிக்கும் உலர்ந்த நிலையில் உரசினால் அது ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வரை. எண் பிடிக்காதவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது நிதானமான ஓட்ட வேகத்தில், சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் தள்ளாமல் சும்மா நிற்கிறீர்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஐஸில் 90 மீட்டர் தாண்டிப் போய்த்தான் நிற்பீர்கள். உலர்ந்த பிளாஸ்டிக்கில் ஐந்து மீட்டருக்குள் நின்றுவிடுவீர்கள். மசகு கலந்த நல்ல பலகை இதைவிடக் கணிசமாக மேம்பட்டது; ஆனாலும் திசை இதுதான். விளம்பரங்களில் ‘ஐஸைப் போலவே’ என்று எழுதியிருப்பதை நம்பி, ஏற்கெனவே ஐஸில் பழகியவர்கள் இங்கே வந்தால் மண்ணில் சைக்கிள் ஓட்டுவது போல உணர்ந்து ஏமாந்து போகிறார்கள். தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இல்லை.

என் கருத்தில் முதல்முறை கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இந்தக் குறையே வரம். ஐஸில் குழந்தை பயப்படுவது விழுவதற்கு மட்டுமில்லை. கால் தன் பேச்சைக் கேட்காமல் தானாக ஓடுகிறதே, அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறது. பிளாஸ்டிக்கில் கால் அப்படி ஓடாது. தள்ளினால் நகரும், தள்ளுவதை விட்டால் நின்றுவிடும். என் ஆறு வயது மகன் பத்தே நிமிடத்தில் தடுப்புச் சுவரை விட்டுவிட்டு நடுவே போய் நின்றான்.

அப்புறம் குளிர். தரையிலிருந்து குளிர் ஏறாது, விழுந்தால் உடை நனையாது, விரல் மரத்துப்போகாது.

என்ன போட்டுக்கொண்டு போவது

ஐஸ் ஸ்கேட்டிங் என்றதும் பலரும் தடித்த ஜாக்கெட், கம்பளித் தொப்பி என்று கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வெயில் நாளில் வெளிப்புறத் தளத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் நீங்களே தள்ள வேண்டியிருப்பதால் உடம்பு வேர்த்துக் கொட்டும். மெல்லிய முழுக்கைச் சட்டையும், முட்டி மடங்கத் தடையில்லாத முழுக்கால் சட்டையும் போதும். கையும் காலும் மூடியிருக்கச் சொல்வது குளிருக்காக இல்லை. வேகத்தில் விழுந்து பிளாஸ்டிக்கில் தோல் தேய்ந்தால் சிராய்ப்பு எரியும். கையுறை கட்டாயம், உள்ளங்கைக்கு மட்டுமல்லாமல், விழுந்து கிடக்கும்போது பக்கத்தில் யாராவது பிளேடோடு கடந்தால் விரலுக்கும் அதுதான் காப்பு.

கம்பளியையும் புசுபுசுவென்ற துணியையும் தவிர்க்க இன்னொரு காரணம் உண்டு. பிளேடு ஓடும்போது பலகையிலிருந்து மெல்லிய வெள்ளைத் துருவல் கிளம்பும், தேங்காய்த் துருவலைப் போல. உரசலில் மின்னேற்றமும் சேர்வதால் அது துணியில் போய் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாது. வழவழப்பான துணி என்றால் தட்டிவிடலாம்.

காலுறை நீளமாக, மெல்லியதாக, காலணியின் வாய்க்கு மேலே வரும்படி இருக்கட்டும். தடித்த காலுறை இதமாகத் தெரிந்தாலும் உள்ளே கால் நழுவும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் போடுங்கள். சைக்கிள் ஓட்ட வைத்திருப்பதே போதும். தளத்தில் கேட்டால் தருவார்களோ மாட்டார்களோ, வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நிம்மதி. மணிக்கட்டுக் காப்பு இருந்தால் அதையும்.

ஸ்கேட்ஸ், முக்கியமாக அதன் கூர்மை

ஒரு நாளின் மகிழ்ச்சியைத் தீர்மானிப்பது வாடகைக் கவுன்டரில் கிடைக்கும் ஸ்கேட்ஸ்தான். பிளேடைத் திருப்பிப் பார்த்தால் கத்தியைப் போல ஒரே கூராக இருக்காது. நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். இந்த விளிம்புகள்தான் தளத்தைக் கவ்வுகின்றன. உள் விளிம்பால் கவ்வித் தள்ளினால்தான் உடம்பு முன்னே போகும். பிளாஸ்டிக்கில் ஓடும் பிளேடு ஐஸில் ஓடுவதைவிடச் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு தள்ளும்போது கவ்வாமல் பக்கவாட்டில் நழுவும். சறுக்கும்போதோ இழுத்துப் பிடிக்கும். இரண்டு வகையிலும் நஷ்டம்.

முதல் தடவை எங்களுக்கு அதுதான் நடந்தது. மகளுக்குக் கொடுத்த ஜோடியில் பிளேடு முழுக்க மழுங்கியிருந்தது. பத்து நிமிடம் போராடிவிட்டு, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து அழுதுகொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கவுன்டரில் சொல்லி வேறு ஜோடி மாற்றி வாங்கிய பிறகு அதே பெண் அதே தளத்தில் சிரித்துக்கொண்டு சுற்றினாள். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இது எப்போது சாணை பிடித்தது? புதிதாகத் தீட்டிய ஜோடி இருக்கிறதா?” முதல் ஐந்து நிமிடத்தில் கால் பக்கவாட்டில் நழுவினால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் முன் மாற்றிவிட வேண்டும்.

கயிறு கட்டுவதிலும் பக்குவம் இருக்கிறது. விரல் பக்கம் இலேசாக, கணுக்காலில் நன்றாக இறுக்கி, மேலே வரவர மறுபடி சற்றுத் தளர்வாக. எழுந்து நின்று முட்டியை மடக்கினால் குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. கணுக்கால் உள்பக்கம் சாய்ந்து நிற்கிறதென்றால் அளவு பெரிது, அல்லது கட்டு தளர்வு. சின்னப் பிள்ளைகளுக்கு நாமே கட்டிவிட வேண்டும். அவர்களின் கைக்கு அந்த இறுக்கம் வராது.

பிளேடோடு சிமென்ட் தரையில் ஓர் அடிகூட வைக்காதீர்கள். ரப்பர் விரிப்பு போட்ட பாதையில் மட்டும் நடங்கள். ஒரு மணல்துகள் போதும் விளிம்பு பாழாக. அந்தத் துகள் பிளேடோடு தளத்துக்குள் போனால் பலகையிலும் கீறல் விழும். வெளிப்புறத் தளத்துக்குப் பெரிய எதிரி வெயிலும் மழையும் இல்லை, தூசிதான்.

முதல் அடிகள்

உள்ளே போனதும் நடக்க வேண்டாம். தடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியை மடக்கி நில்லுங்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவர் பாதியில் நின்றது போல. முட்டி நிமிர்ந்தால் எடை பின்னால் போய்விடும்; எடை பின்னால் போனால் மல்லாக்க விழுவோம். கைகள் இடுப்பு உயரத்தில் முன்னால். பார்வை எதிரே. பாதத்தைப் பார்த்தால் தலை கவிழும், தலையின் பாரத்தில் உடம்பும் கவிழும்.

பிறகு குதிகால்களைச் சேர்த்து விரல்களை விரித்து வாத்து போல நின்று, ஒரு காலால் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கித் தள்ளுங்கள். எடை முழுவதும் மற்றக் காலுக்குப் போகட்டும். அந்தக் காலில் ஒரு கணம் மிதந்துவிட்டு, மறுகால். நேர் பின்னால் உதைத்தால் நகராது. பிளேடு நீளவாக்கில்தான் வழுக்கும், குறுக்குவாக்கில்தான் கவ்வும் என்பதை மனத்தில் வைத்தால் எப்படித் தள்ளுவது என்று கால் தானே கண்டுபிடித்துவிடும்.

ஃபிகர் ஸ்கேட்ஸில் பிளேடின் முன்முனையில் ரம்பப் பற்கள் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்வது அந்தப் பல்லைக் குத்தி உந்துவதுதான். முகம் குப்புற விழுவார்கள், பலகையும் குழியாகும். ஆரம்பத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

இன்னொரு நல்ல பயிற்சி, மீன் வரைவது. குதிகால் சேர்ந்த நிலையில் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் விரித்து, பாதியில் விரல்களை உள்ளே திருப்பி மறுபடி சேர்ப்பது. தரையில் ஒரு மீன் வடிவம் விழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது பிடிபடும், கோலம் போடுவது போல ரசித்துச் செய்வார்கள். ஐஸை விட இங்கே தொடைக்கு வேலை அதிகம், அதனால் மூன்று நான்கு மீனுக்கு ஒருமுறை மூச்சு வாங்க விடுங்கள்.

நிறுத்துவதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். தள்ளுவதை விட்டால் தளமே நிறுத்திவிடும். விழுவதைத்தான் பழக வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் குனிந்து, முட்டியை இன்னும் மடக்கி, பக்கவாட்டில் பிட்டமும் தொடையும் தரையில் படும்படி சரியுங்கள். கையைப் பின்னால் நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். எழுவதற்கு முதலில் தவழும் நிலைக்கு வந்து, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, இரண்டு கைகளையும் அந்த முட்டியின் மேல் வைத்து அழுத்தி எழ வேண்டும். உள்ளே போவதற்கு முன்பே புல்வெளியிலோ கம்பளத்திலோ பிள்ளைகளை நாலு தடவை விழுந்து எழவைத்தால் பயத்தில் பாதி போய்விடும்.

முப்பது நிமிடம் ஆனதும் வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். பிள்ளை ‘இன்னும் கொஞ்சம்’ என்று அடம்பிடித்தாலும் சரி. கால் தளர்ந்த பிறகுதான் விழுவது கூடும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வெளியே உட்கார்ந்து பார்ப்பதுதான் முறை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளின் காலணிகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். நிழலில் இடம் பிடிக்க வேண்டும் என்றால் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.

வெயில், நேரம்

பாலிஎத்திலீன் சூட்டில் விரியும் பொருள். எஃகு விரிவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். 20 மீட்டர் நீளமுள்ள தளம் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே 20 டிகிரி சூடேறினால் ஐந்தாறு சென்டிமீட்டர் வரை நீளக்கூடும். அதனால் நல்ல தளத்தில் தடுப்புச் சுவரை ஒட்டி இடைவெளி விட்டிருப்பார்கள். இடம் விடாமல் இறுக்கியிருந்தால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேடு தட்டும்; அந்த மேட்டில் பிளேடு தட்டினால் விழுவது உறுதி. உள்ளே போனதும் ஒரு சுற்றுப் பார்வையிடுங்கள்: இணைப்புகளில் மேடு பள்ளம் இருக்கிறதா, மேலே மணல் கிடக்கிறதா, துருவலைக் கூட்டி அள்ளுகிறார்களா. மூன்றும் சரியாக இருந்தால் நடத்துபவர்கள் அக்கறையுள்ளவர்கள் என்று நம்பலாம்.

உச்சி வெயிலில் பலகை சூடேறி இலேசாக மென்மையாகும். கண்ணும் கூசும். காலை முதல் வேளை எனக்குப் பிடித்தது. தளம் அப்போதுதான் கழுவித் துடைத்திருக்கும், கூட்டமும் குறைவு.

ஊர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கின்றன

வெளிப்புறத்தில் உண்மையான ஐஸ் வைத்திருப்பது பெரும்பாடு. தரைக்கடியில் குழாய்களைப் பதித்து உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரையோ, கிளைகால் என்ற எளிதில் உறையாத திரவத்தையோ ஓட்டி, மேற்பரப்பை மைனஸ் 4, 5 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். 60 மீட்டருக்கு 30 மீட்டர் தளத்தில் இரண்டரை சென்டிமீட்டர் ஐஸ் என்றாலே ஏறத்தாழ 41,000 லிட்டர் தண்ணீர். மேலே வெயிலும் சூடான காற்றும் இடைவிடாமல் உருக்க, கீழே எந்திரம் இடைவிடாமல் உறைய வைக்கும். மெக்சிகோ நகரத்தின் சோகாலோ சதுக்கத்தில் 2007 டிசம்பரில் உண்மையான ஐஸ் தளம் போட்டார்கள். 2019 டிசம்பரில் அதே சதுக்கத்தில் பிளாஸ்டிக் பலகைகளை விரித்தார்கள். மின்சாரமும் தண்ணீரும் மிச்சம் என்பதுதான் காரணம். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2008இல் தன் வெளி முற்றத்தில், நடுவே பனிக்கரடி உருவத்தை நிறுத்தி, இதே மாதிரி ஒரு தளத்தைத் திறந்தது. சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸ் கடைவளாகத்துக்குள் முன்பு இருந்த ஸ்கேட்டிங் தளமும் பிளாஸ்டிக்தான். நம்மில் சிலர் அங்கே சறுக்கியிருப்போம்.

உருகாத ஐஸ் மீதான ஆசை பழையது. 1840களில் லண்டனில் பன்றிக் கொழுப்பையும் உப்புகளையும் கலந்து கெட்டிப்படுத்திய தளத்தில் ஸ்கேட்டிங் நடத்தினார்கள். நாற்றம் தாங்காமல் மக்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1876இல் அதே லண்டனின் செல்சி பகுதியில் ஜான் கேம்ஜி என்பவர் எந்திரத்தால் உறைய வைத்த ஐஸ் தளத்தைத் திறந்தார். பிளாஸ்டிக் பலகைகள் 1960களில் வந்தன. முதலில் பயன்பட்டது வேறு வகைப் பிளாஸ்டிக், பாலிஎத்திலீன் பிறகுதான்.

ஒரு கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைத் துருவல் நுண்பிளாஸ்டிக். கூட்டாமல் விட்டால் மழையோடு வடிகாலுக்குப் போய்விடும். மின்சாரம் மிச்சம் என்று பெருமைப்படும் ஊர் இதையும் தினமும் கூட்டி, அள்ளி, குப்பையில் சேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அதைச் செய்கிற தளத்துக்குத்தான் நான் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். நாங்களும் கிளம்பும் முன் வாசல் விரிப்பில் நின்று சட்டையையும் காலுறையையும் தட்டி, விழுந்ததைத் திரட்டித் தொட்டியில் போட்டுவிடுகிறோம். காலுறையைத் தட்டாமல் வீட்டுக்கு வந்தால் சலவை எந்திரம் வழியாக அதே துகள் கழிவுநீருக்குத்தான் போகும்.

இங்கே பழகியதை ஐஸில் பயன்படுத்த முடியுமா என்று கேட்பார்கள். முடியும்: நிற்பது, விளிம்பில் தள்ளுவது, விழுந்து எழுவது எல்லாம் ஒன்றே. மாற வேண்டியது தள்ளும் பலம் மட்டும். கூடவே நிறுத்தவும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். நாலு சனிக்கிழமை பிளாஸ்டிக்கில் பழகிய பிறகு மகளை உண்மையான ஐஸ் தளத்துக்குக் கூட்டிப் போனேன். “மெதுவாத் தள்ளும்மா” என்று சொல்லியிருந்தேன். பழக்கத்தில் வழக்கமான பலத்தோடு ஒரே ஒரு தள்ளு தள்ளினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முட்டியை மடக்கி, வாயைப் பிளந்துகொண்டு எதிர்ச் சுவர் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தாள்.